வழக்கம்போல் தாளிக்கவும்: பெருந்தரவு எப்படிச் சுருங்குகிறது?

மெல்போர்னின் பொயிண்ட் குக்கில் எங்கள் அடுக்களை அலமாரியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. நான் திருநெல்வேலியிலிருந்து மெல்போர்னுக்குக் கிளம்பியபோது அம்மா எழுதிக் கொடுத்தது. முதல் பக்கத்தில் தாளிப்பை விரிவாக எழுதியிருக்கிறாள்: நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்ததும் உளுத்தம்பருப்பு, பிறகு கிள்ளிய மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம். இரண்டாம் பக்கத்திலிருந்து அந்தப் பட்டியல் திரும்ப வரவே இல்லை. ‘வழக்கம்போல் தாளிக்கவும்’ என்று இரண்டே சொற்கள்.

ரசம் பக்கத்தில் மட்டும் அடிக்கோடு போட்டு ஒரு வரி இருக்கிறது: ‘எண்ணெய் அல்ல, நெய். உளுத்தம்பருப்பு வேண்டாம், சீரகம்.’

கணினி ஒரு பெரிய கோப்பைச் சுருக்கும்போது செய்வதும் இதைத்தான். திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை முழுதாக எழுதி, அடுத்த தடவை சுட்டிக்காட்டினால் போதும். வழக்கத்தை மீறி வருவதை மட்டும் எவ்வளவு இடம் பிடித்தாலும் அப்படியே எழுதியாக வேண்டும். முதல் வேலையால் இடம் மிச்சம். இரண்டாவது வேலை இல்லாவிட்டால் அந்தக் கோப்பை நம்பவே முடியாது.

சுருக்குவதில் இரண்டு வகை உண்டு. சுண்டைக்காயை வெயிலில் காயவைத்தால் வற்றலாகிறது. ருசி இருக்கும், ஆனால் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் பச்சைக் காயாகாது. கைபேசிப் படங்களின் ஜேபெக், பாட்டுகளின் எம்பி3 இரண்டும் வற்றல் வகை. கண்ணும் காதும் கவனிக்காததைக் கழித்துவிடுகின்றன. இன்னொன்று பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவது போன்றது. வெளியே எடுத்தால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். வங்கிக் கணக்கு, மருத்துவப் பதிவு, மரபணு வரிசை ஆகியவற்றுக்கு இந்த இழப்பில்லாச் சுருக்கம்தான் வேண்டும். இங்கே விளக்கப் போவது அதைத்தான்.

அஞ்சறைப் பெட்டி: அடிக்கடி வருவது கைக்கருகே

அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் இருக்கும். கசகசா மேல் தட்டில் இருக்கும். தினமும் பத்து முறை எடுப்பதற்குக் கையை நீட்டினால் போதும். மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதற்கு முக்காலி போட்டு ஏறினாலும் பரவாயில்லை.

1951இல் எம்ஐடியில் மாணவராக இருந்த டேவிட் ஹஃப்மன் ஒரு வகுப்புக் கட்டுரைக்காகக் கண்டுபிடித்து 1952இல் வெளியிட்ட முறை இதேதான். நோட்டில் நான்கு பொருள்கள் மொத்தம் 100 முறை வருவதாக வைத்துக்கொள்வோம்: கடுகு 60, மிளகாய் 25, பெருங்காயம் 10, கசகசா 5. நான்கையும் பிரித்தறியச் சம நீளக் குறி என்றால் ஒவ்வொன்றுக்கும் 2 பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கமே ஒரு பிட்), மொத்தம் 200 பிட். ஹஃப்மன் முறையில் கடுகுக்கு 0, மிளகாய்க்கு 10, பெருங்காயத்துக்கு 110, கசகசாவுக்கு 111. இப்போது 60, 50, 30, 15 என்று கூட்டினால் 155 பிட். எந்தக் குறியும் இன்னொரு குறியின் தொடக்கமாக அமையாததால், நடுவில் காற்புள்ளி இல்லாமலே பிரித்துப் படித்துவிடலாம்.

கசகசாவின் குறி 2 பிட்டிலிருந்து 3 பிட்டாக நீண்டுவிட்டதைக் கவனியுங்கள். வழக்கமானதைக் குறுக்கினால், அரிதானதற்கு நீளம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாத சுருக்கமுறை எதுவும் கிடையாது.

மேலே சொன்னபடி: பார்த்ததைத் திரும்ப எழுதாதே

‘வழக்கம்போல் தாளிக்கவும்’ என்பதைக் கணினிக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் ஆபிரகாம் லெம்பலும் யாக்கோவ் ஸிவ்வும். 1977இல் அவர்கள் வெளியிட்ட முறை, கோப்பைப் படித்துக்கொண்டே போகும். ஏற்கெனவே பார்த்த தொடர் மறுபடி வந்தால் அதை எழுதாது. ‘இத்தனை எழுத்து பின்னால் போய், அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று இரண்டு எண்களால் சுட்டும். ஸிப், ஜிஸிப் கோப்புகளுக்கும் பிஎன்ஜி படங்களுக்கும் அடியில் இருக்கும் டிஃப்லேட் முறை, இந்தச் சுட்டுதலையும் ஹஃப்மன் குறியையும் சேர்த்துச் சமைத்ததுதான்.

தமிழ்க் கோப்புகளுக்கு இதனால் கூடுதல் ஆதாயம் உண்டு. ‘கடுகு’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: க, ட, உகரக் குறி, க, உகரக் குறி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் மொத்தம் 15 பைட். அந்த மூன்று பைட்டில் முதலாவது எந்தத் தமிழ் எழுத்துக்கும் 224தான். இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது பைட்தான் எந்த எழுத்து என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ முன்கூட்டியே தெரிந்த செய்தி. அதனால்தான் வட்டில் பருமனாகத் தெரியும் தமிழ்க் கோப்பு, ஸிப் செய்ததும் நன்றாக ஒடுங்குகிறது.

ஆனால் டிஃப்லேட்டின் நினைவு குறுகியது. 32,768 பைட்டுக்கு முன்னால் பார்த்தது எதுவும் அதற்கு நினைவிருக்காது. முதல் பக்கத்தில் எழுதிய தாளிப்பை ஐந்தாம் பக்கத்தில் மறந்துவிடும் சமையல்காரர் போல. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் இதற்காகவே ஆர்ஸிப் என்ற கருவியை எழுதினார். 900 மெகாபைட் தொலைவில் கிடக்கும் மறுபதிப்பையும் அது கண்டுபிடிக்கும்.

ஒரு பிடி அரிசி கூடுதல்: புதியதற்கு இடம்

வெங்காயம், பெருங்காயம், தேங்காய், மாங்காய், முருங்கைக்காய். ‘ங்’ வந்தால் அடுத்து ‘க’ என்று தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். இன எழுத்து என்று இலக்கண வகுப்பில் படித்தது, சுருக்குவோருக்குப் பொன்னான செய்தி. அடுத்து வருவதை ஊகிக்க முடிந்தால் அதை எழுத இடமே வேண்டியதில்லை.

எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை 1948இல் கிளாட் ஷானன் கணக்காக்கிக் கொடுத்தார். பாதி வாய்ப்புள்ள எழுத்துக்கு 1 பிட், கால் வாய்ப்புக்கு 2 பிட். நூற்றில் 99 முறை வரும் எழுத்துக்கு ஒரு பிட்டில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு போதும். நூற்றில் ஒருமுறை வருவதற்கோ 6.6 பிட் வேண்டும். ஹஃப்மன் குறியில் ஒரு பிட்டுக்குக் கீழே இறங்க முடியாது. எண்கணிதக் குறியாக்கம் என்ற பிற்கால முறையில் பிட்டின் சிறு பின்னத்தையும் செலவிடலாம்.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ங்’ வந்தால் ‘க’ மட்டுமே வரும் என்று சத்தியம் செய்துவிட்டால் ‘இங்ஙனம்’ என்ற சொல்லை எப்படி எழுதுவது? வாய்ப்பு சுழியம் என்றால் அதற்கு வேண்டிய பிட் எண்ணிக்கை முடிவிலி. எழுதவே முடியாது. வழக்கத்தை முழுமையாக நம்பும் சுருக்கமுறை, வழக்கம் மீறும் முதல் இடத்திலேயே உடைந்துபோகும்.

1984இல் ஜான் கிளியரியும் இயான் விட்டனும் வகுத்த பிபிஎம் முறை, முந்தைய சில எழுத்துகளை வைத்து அடுத்ததை ஊகிக்கிறது. ஒவ்வோர் ஊகத்திலும் ‘நான் இதுவரை பார்க்காதது’ என்பதற்கென்று ஒரு குறியையும் ஒதுக்கி வைக்கிறது. அந்தக் குறிக்கு எவ்வளவு இடம் விடுவது? மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் அலிஸ்டர் மொஃபாட் 1990இல் வெளியிட்ட பிபிஎம்சி வடிவம் எளிய விடை ஒன்றைத் தந்தது: அந்த இடத்தில் இதுவரை எத்தனை வகை எழுத்து வந்திருக்கிறதோ, அத்தனை பங்கைப் புதியதற்கு வை. 20 முறையும் ஒரே எழுத்து வந்த இடத்தில் புதியதற்கு 21இல் ஒரு பங்கு. 20 முறையில் பத்து வகை வந்த இடத்தில் 30இல் 10 பங்கு.

திருநெல்வேலியில் எங்கள் வீட்டு உலையில் எப்போதும் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழும். யாராவது வரலாம். பலரும் வந்து போகும் வீடு என்றால் இரண்டு பிடி. மொஃபாட்டின் கணக்கை முதலில் படித்தபோது எனக்கு அம்மாவின் கைப்பிடிதான் நினைவுக்கு வந்தது.

பால் கணக்கு: மாறியதை மட்டும் குறி

ஊரில் காலண்டரில் பால் கணக்கு எழுதுவோம். தினம் ஒரு லிட்டர் என்பதை யாரும் முப்பது முறை எழுதுவதில்லை. 14ஆம் தேதி அரை லிட்டர் கூடுதல், 22ஆம் தேதி பால் வேண்டாம் என்று மாறிய நாள்களை மட்டும் கட்டத்துக்குள் குறிப்போம். மாதக் கடைசியில் பால்காரருக்கும் நமக்கும் கணக்கு ஒத்துப்போகும்.

வெப்பமானி, மின்மானி, கணினிச் சேவையகம் என்று இடைவிடாமல் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவிகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். ஃபேஸ்புக் நிறுவனம் 2015இல் விவரித்த கொரில்லா என்ற தரவுத்தளத்தில், ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள நேர இடைவெளி மாறவில்லை என்றால் ஒரே ஒரு பிட் போதும். அவர்களுடைய தரவில் 96 விழுக்காடு நேரக்குறிகள் அப்படி ஒரே பிட்டில் அடங்கின. அளவுகளையும் முந்தைய அளவோடு ஒப்பிட்டு மாறிய பிட்களை மட்டும் எழுதியதால், 16 பைட் பிடித்த ஒரு பதிவு சராசரியாக 1.37 பைட்டுக்கு இறங்கியது.

பொயிண்ட் குக் விமானத்தளத்தில் 1914 முதல் விமானிகள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். இப்போதும் தெளிவான நாள்களில் சிறு விமானங்கள் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது எங்கள் தெருவிலிருந்து தெரியும். அந்தப் பாதையை நொடிக்கு நொடி பதிவு செய்தால் பெரும்பகுதி ‘மாற்றமில்லை’ என்றே ஒடுங்கிவிடும். ஆனால் ஒருநாள் ஒரு விமானம் சட்டென்று உயரம் இழந்தால், ஆய்வாளர் தேடிவருவது அந்தச் சில நொடிகளைத்தான். அவை ஒரு பிட்கூடக் குறையாமல் இருக்க வேண்டும்.

ஒரே நோட்டு, பல அடுக்களை: மெல்போர்ன் கண்ட வழி

எங்களுக்கு அருகிலுள்ள வில்லியம்ஸ் லேண்டிங்கில் ரயில் ஏறினால் நகரம். நகரத்தை ஒட்டி வடக்கே பார்க்வில்லில் மெல்போர்ன் பல்கலைக்கழகம். மொஃபாட் பணிபுரிந்த அதே வளாகத்தைச் சேர்ந்த ஷானிகா குருப்பு, ஜஸ்டின் ஸோபெல் இருவரும், ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தின் சைமன் பக்லிசியும் 2010இல் ஒரு பெரிய கேள்விக்கு விடை தேடினார்கள். ஆயிரக்கணக்கான மரபணு வரிசைகளை எப்படிச் சேமிப்பது?

ஒரு மனித மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்து. எழுத்து வகை நான்குதான் என்பதால் ஒன்றுக்கு 2 பிட், மொத்தம் 75 கோடி பைட். ஒரே ஆளின் வரிசைக்குள் சுருக்கத்துக்கு உதவும் ஒழுங்கு அதிகமில்லை. ஆனால் இரண்டு மனிதரை அருகருகே வைத்துப் பார்த்தால் ஆயிரத்தில் 999 எழுத்து ஒன்றேதான். ஒழுங்கு இருக்கிறது, 300 கோடி எழுத்துக்கு அப்பால் இருக்கிறது. 32,768 பைட் மட்டுமே நினைவிருக்கும் டிஃப்லேட்டுக்கு அது எட்டாது.

அவர்கள் கண்ட வழிக்குச் சார்பு லெம்பல்–ஸிவ் என்று பெயர். ஒருவருடைய வரிசையை மூலமாக முழுதாக வைத்துக்கொள்வது; மற்ற எல்லாரையும் அந்த மூலத்தைச் சுட்டியே எழுதுவது.

அம்மாவின் சாம்பார் மூலம் என்று கொள்வோம். 1. புளி கரை. 2. மஞ்சளும் உப்பும் சேர். 3. காய் போடு. 4. கொதிக்கவிடு. 5. வெந்த பருப்பைக் கடைந்து ஊற்று. 6. தாளித்து இறக்கு. டொரோண்டோவில் இருக்கும் அக்கா இறக்குவதற்கு முன் வெல்லம் போடுவாள். அவளுடைய சாம்பாரை முழுதாக எழுத வேண்டாம். ‘1இலிருந்து ஐந்து படி, வெல்லம், 6இலிருந்து ஒரு படி.’ முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காயே போடாமல் வைப்பவர் என்றால், ‘1இலிருந்து இரண்டு படி, 4இலிருந்து மூன்று படி.’

மரபணுவிலும் இதே வேலை. புதிய வரிசையின் தொடக்கத்திலிருந்து, மூலத்தில் எங்கேனும் பொருந்தும் மிக நீளமான துண்டைத் தேடு. அதன் இடத்தையும் நீளத்தையும் எழுது. அது முடிந்த இடத்திலிருந்து மறுபடி தேடு. 300 கோடி எழுத்துக்குள் விரைந்து தேட, மூலத்தின் ஒவ்வோர் எழுத்திலிருந்தும் தொடங்கும் தொடர்களை அகர வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை முன்பே தயாராக இருக்கும். தோராயமாகக் கணக்குப் போடுவோம். இருவருக்கிடையே 30 லட்சம் வேறுபாடு, ஒன்றுக்குத் தாராளமாக 8 பைட். மொத்தம் 2.4 கோடி பைட். 75 கோடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. ஆயிரம் பேர் சேரச் சேர மூலத்தின் செலவு தலைக்கு ஒன்றுமில்லாமல் ஆகிவிடும்.

இடம் மிச்சமாவதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1977இன் முறையில் 35ஆம் பக்கத்தைப் படிக்க முந்தைய பக்கங்களை எல்லாம் விரித்தாக வேண்டும். ‘மேலே சொன்னபடி’ என்பதற்குள் இன்னொரு ‘மேலே சொன்னபடி’ இருக்கும். இந்த முறையில் யாரும் யாரையும் சுட்டுவதில்லை. எல்லாரும் மூலத்தையே சுட்டுகிறார்கள். அக்காவின் சாம்பாரைப் படிக்க அம்மாவின் நோட்டும் அக்காவின் மூன்று குறிப்பும் போதும். பக்கத்து வீட்டுக் குறிப்பு கிழிந்துபோனாலும் அக்காவுக்குப் பாதிப்பில்லை.

இணையப் பக்கங்களுக்கு இப்படி இயல்பான மூலம் ஏதுமில்லை. 2011இல் கிறிஸ்டோபர் ஹூபின், பக்லிசி, ஸோபெல் மூவரும் தொகுப்பு முழுவதிலிருந்தும் சம இடைவெளியில் சிறு துண்டுகளை வெட்டி ஒட்டி மூலம் ஒன்றைச் செய்துகொண்டார்கள். அண்டாவின் மேலாகச் சுவை பார்க்காமல், ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுப்பது போல. அடிக்கடி வரும் தொடர்கள் அந்தக் கரண்டிகளில் தாமாகவே வந்து விழுந்தன.

ஒரு சோறு பதம் போதாது: நம்புவது எப்படி?

2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் நகலெடுத்தபோது திகைத்தார். மூன்று அறைகளின் பரப்பு மூலத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். நகலில் மூன்றுமே 14.13. மங்கலாகவோ கோணலாகவோ இல்லை. அச்சுப் பிசகாமல், தெளிவாக, தவறாக இருந்தது. ஜேபிக்2 என்ற முறை, ஒத்தாற்போல் தெரியும் சிறு துண்டுகளை ஒரே துண்டாகக் கருதி, ஒன்றையே எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தது. 6 இருந்த இடத்தில் 8 வந்த நகல்களும் கண்டுபிடிக்கப்பட்டன. பின்னர் நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

ஒழுங்கைக் கண்டுபிடித்தது அந்த முறையின் தவறில்லை. ‘ஏறக்குறைய ஒன்று’ என்பதை ‘ஒன்று’ என்று எழுதி, வித்தியாசத்தைக் குறிக்காமல் விட்டதே தவறு.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். அம்மாவின் நோட்டை அக்காவுக்காகத் தட்டச்சு செய்தபோது, ‘வழக்கம்போல்’ வரும் இடத்தில் எல்லாம் முதல் பக்கத் தாளிப்பை ஒட்டிக்கொண்டே போனேன். ரசம் பக்கத்தின் அடிக்கோட்டைக் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் அம்மா தொலைபேசியில், “ஏட்டி, அக்கா ரசத்துல உளுந்தம்பருப்பு மிதக்குதாம்லா. நான் அப்படியா எழுதிக் கொடுத்தேன்?” என்றாள்.

நம்பகமான சுருக்கத்துக்கு அதனால் சில காவல்கள் வேண்டும். முதலாவது, சுருக்கியதை உடனே விரித்து மூலத்தோடு ஒப்பிடுவது. மூலத்தை அழிப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, சரிபார்ப்பு எண். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உலைக்குச் சரி, தரவுக்குச் சரிப்படாது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் தொட்டுக் கணக்கிட்ட ஓர் எண்ணை ஜிஸிப் தன் கடைசி 8 பைட்டில் வைக்கிறது: 4 பைட் சிஆர்சி-32 எண், 4 பைட் மூலத்தின் நீளம். விரித்தபின் அதே கணக்கை மறுபடி போட்டால் எண் ஒத்துப்போக வேண்டும். தற்செயலாகச் சிதைந்த கோப்பு இந்தச் சோதனையில் தப்பிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. இந்த எண் சிதைவைக் காட்டிக்கொடுக்கும், சரிசெய்து தராது. சரிசெய்ய இன்னொரு பிரதி வேண்டும்.

மூன்றாவது, துண்டுகளாகப் பிரிப்பது. ஞாயிற்றுக்கிழமை பெரிய பாத்திரத்தில் சாம்பார் வைத்துச் சிறு டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்குகிறோம். ஒரு டப்பா கெட்டால் அன்றைய சாப்பாடு மட்டும் போகும். பிஸிப்2 என்ற கருவி கோப்பை அதிகபட்சம் 900 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சரிபார்ப்பு எண் வைப்பதும் இப்படித்தான். ஒரு துண்டு சிதைந்தாலும் மற்றவற்றை மீட்கலாம்.

நான்காவது காவல், மூலத்தைப் பேணுவது. எல்லாரும் ஒரே நோட்டைச் சுட்டும்போது அந்த நோட்டு தொலைந்தால் எல்லாரும் பட்டினி. இன்னும் மோசமானது, நோட்டின் வேறு பதிப்பை வைத்துப் படிப்பது: ‘3ஆம் படி’ என்பது வேறு படியாக இருக்கும், யாருக்கும் தெரியாது. மரபணு ஆய்வகங்கள் பயன்படுத்தும் கிராம் கோப்பு வடிவம், எந்த மூலத்தை வைத்துச் சுருக்கப்பட்டது என்பதற்கான சரிபார்ப்புக் குறியையும் கோப்புக்குள்ளேயே சுமந்து வருகிறது.

எதையும் எப்போதும் சுருக்கிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 10 பிட் நீளத்தில் 1,024 செய்திகள் சாத்தியம். அதைவிடக் குறுகிய செய்திகளோ, வெற்றுச் செய்தியையும் சேர்த்து 1,023தான். ஒன்றுக்காவது இடம் கிடைக்காது. ஏற்கெனவே அரைத்த மிளகாய்ப் பொடியை மறுபடி மில்லுக்குக் கொண்டுபோவது போலத்தான் ஜேபெக் படத்தை ஸிப் செய்வதும்.

நோட்டை மறுபடி தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். இந்த முறை தாளிப்பை எங்கும் ஒட்டவில்லை. முதல் பக்கத்தில் ஒருமுறை, பிறகு அம்மா எழுதிய அதே இரண்டு சொற்கள். ரசம் பக்கத்தின் அந்த வரியை மட்டும் எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன். ஷானனின் கணக்குப்படி எளிதில் ஊகிக்க முடிவதில் செய்தி குறைவு. ஊகிக்க முடியாததில்தான் செய்தி அதிகம். கடுகும் உளுத்தம்பருப்பும் எந்த வீட்டு அடுக்களையிலும் உண்டு. எண்ணெய் அல்ல, நெய் என்று அடிக்கோடு போட்டது எங்கள் அம்மா.